தேர்ச் சிற்பம் யாருடைய கலை?

காரைக்குடியில் ஒரு தோழரின் கல்யாணம். முடித்துவிட்டு கோவில்பட்டி திரும்ப பஸ்சுக்கு நேரமிருந்தது. பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுக்குள் நுழைந்தேன். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்த தூண்கள், நிலைக்கதவுகள், எனாமல் தட்டுகள், பித்தளைக் கூஜாக்கள், கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படங்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு கடையின் சுவரோரம் மர யாளி ஒன்று சாய்ந்து நின்றது. ரெண்டடி உயரம் இருக்கும். இலுப்பைக் கட்டை. எண்ணெய் குடித்துக் குடித்துக் கருங்கல் மாதிரி ஆகியிருந்தது. முன்னங்காலைத் தூக்கிய யாளி. அதன் முதுகில் வாள் பிடித்த ஒரு வீரன். வீரனுக்கு மூக்கும் வாயும் தேய்ந்து முகமே இல்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். சட்டத்தில் சொருகுவதற்காக விட்ட முளை உடையாமல் அப்படியே இருந்தது. இது வீட்டுத் தூணில் இருந்ததில்லை, ஏதோ ஒரு தேரின் உடம்பிலிருந்து பிடுங்கியது என்று அப்போதுதான் புரிந்தது.

“இது எந்த ஊருத் தேருண்ணே?”

“தெரியலையே தம்பி. லாட்டோட வந்தது. நூறு வருசத்துக்கு மேல இருக்கும்னு சொன்னாக. எடுத்துக்கிறீகளா?”

விலை என் மூணு மாசச் சம்பளம். எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கோவில்பட்டி வரைக்கும் அந்த யாளி என்னோடு பஸ்ஸில் வந்தது. எந்த ஊர்த் தேர் என்று கேட்டேனே, அந்தக் கேள்விக்குப் பின்னால் எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. அதைக் கடைக்காரரிடம் கேட்டிருந்தால் பைத்தியக்காரன் என்றிருப்பார். அந்தத் தேர் எந்தத் தெரு வரைக்கும் வந்தது? எந்தத் தெருவுக்கு வராமல் திரும்பியது?

இந்தக் கேள்வி எனக்கு அம்மாச்சியிடமிருந்து வந்தது. என் அம்மாவின் அம்மா. கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டுக் கிராமம். பருத்தி எடுத்து, மிளகாய் பறித்து, கடைசிக் காலத்தில் தீப்பெட்டி ஆபீசுக்கு வீட்டிலிருந்து கட்டை அடுக்கிக் கொடுத்துச் செத்துப்போன மனுசி. தேர் பார்த்த கதையை அவள் ஒரே மாதிரிதான் சொல்லுவாள். “தேரு கிளம்புறதுக்கு மூணு நாளைக்கு முந்தி ஒங்க பாட்டையாவக் கூப்புட்டு விடுவாக. தெருவுல பள்ளம் மேடு பாத்து மண்ணு கொட்டணும், சரளை அடிக்கணும். தேரன்னிக்கு காலையில கடைசிக் கூடை மண்ணக் கொட்டின கையோட, ‘போதும், நீங்க போங்க’ன்னுருவாக. நாங்க ஊருக்கு வெளிய நின்னு பாப்போம். தேரு எங்களுக்கு மேலதான் தெரியும். கலசமும் சீலையும் ஆடி ஆடிப் போகும். கீழ என்ன இருக்குன்னு நான் பாத்ததே இல்ல பேரா.”

கோயில் பேர் இங்கே வேண்டாம். அவள் சொன்னதற்கு என்னிடம் பத்திரம் கிடையாது. ஆனால் தோழர்களே, ‘கீழ என்ன இருக்குன்னு பாத்ததே இல்ல’ என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். தேரில் ஒவ்வொரு வருசமும் கட்டி, திருவிழா முடிந்ததும் பிரித்துவிடுவது மேல்பாகம். மூங்கிலும் சவுக்கும் சீலையும் தொம்பையும்தான். அச்சிலிருந்து சாமி உட்காரும் பீடம் வரைக்குமான மரப்பகுதிதான் நிலையானது. சிற்பம் இருப்பது அங்கேதான். அதாவது சிற்பத்தைப் பார்க்க வேண்டுமானால் தேருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தூர நிற்க வைக்கப்பட்டவளுக்குத் துணி மட்டும்தான் தெரியும். கலை ரசனை இல்லாத ஜனங்கள் என்று நம்மைச் சொல்கிறார்களே, நின்ற இடத்தை வைத்துத்தான் கண் எதைப் பார்க்கும் என்பது தீர்மானமாகிறது. இதற்குப் பெரிய அழகியல் கோட்பாடு எதுவும் தேவையில்லை.

அந்தச் சிற்பங்களைப் பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். எதிரியின் கலை என்று ஒரே வாயில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. தேரின் மரப்பகுதியைச் சுற்றி அடுக்கடுக்காகப் பலகைகளும் பொம்மைகளும் வரும். சிவனும் விஷ்ணுவும் மட்டுமில்லை. வேட்டைக்காரன், கழைக்கூத்தாடி, குறத்தி, பிள்ளை பெறுகிற பெண், அவளைத் தாங்கிப் பிடிக்கிற ரெண்டு பெண்கள், வெட்கமில்லாமல் கூடிக் கிடக்கும் ஆணும் பெண்ணும். கருவறைக்குள் இடம் கிடைக்காத வாழ்க்கையெல்லாம் தேரில் ஏறியிருக்கிறது. செதுக்கிய ஆசாரியின் பேர் அநேகமாக எதிலும் இருக்காது. மரம் வெட்டியவன், வண்டியில் ஏற்றியவன் பேரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம்ம கரிசலில் இலுப்பைத் தோப்பு ஏது? இங்கே விளையும் கருவேல மரம் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் சரி. தேருக்கு இலுப்பையும் தேக்கும் வேங்கையும் வெளியிலிருந்து வர வேண்டும். அந்தக் கட்டையைக் கரிசல் சேற்றில் தள்ளிக்கொண்டு வந்த தோள்களை எந்தத் தலபுராணமும் பாடியதாக நான் கேள்விப்படவில்லை.

நம்ம கூட்டங்களில் ஒன்று சொல்வார்கள்: தேரே ஒரு சாதி அடுக்குதான், கீழே யானையும் ஆளும், மேலே தேவர்கள், உச்சியில் பார்ப்பனர் மட்டும் ஏறிச் சாமியோடு உட்காருவது என்று. சொன்னால் கைதட்டு கிடைக்கும். நானும் ரெண்டு மேடையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் கனமான கட்டை கீழே இருப்பது தச்சு வேலையின் கணக்கு. அதைச் சாதிக் கணக்கு என்று சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. சாதி இருப்பது மரத்தின் அடுக்கில் இல்லை. வடத்தில் இருக்கிறது. வீதியில் இருக்கிறது. அதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கழுகுமலை. மலையைக் குடைந்த வெட்டுவான் கோயிலையும் சமணர் சிற்பங்களையும் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். கீழே கழுகாசலமூர்த்தி கோயில். அதைச் சுற்றித் தேர் வீதிகள். அந்த வீதிகளில் கையில் வழிகாட்டிப் புத்தகத்தோடு நடக்கிறவர்களுக்கு 1895 ஏப்ரல் 7ஆம் தேதி அங்கே என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. கோயில் அப்போது எட்டயபுரம் ஜமீனின் ஆளுகையில் இருந்தது. அன்றைக்குச் சாணார் என்று இழிவாக அழைக்கப்பட்ட நாடார்களுக்குத் தேர் வீதியில் ஊர்வலம் போகத் தடை. கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். 1894இல் அவர்களில் பலர் கத்தோலிக்கரானார்கள். தேர் வீதியிலேயே வழிபாட்டுக்கு இடம் பிடித்து, முன்னால் பந்தல் போட்டார்கள். பங்குனித் திருவிழாவில் தேர் அந்தப் பந்தல் முன் வந்து நின்றது. பந்தலைப் பிரி என்றது ஒரு பக்கம். பிரிக்க மாட்டோம் என்றது மறுபக்கம். கல் பறந்தது. கத்தி வந்தது. வீடுகள் எரிந்தன. ஜமீனின் மேலாளர் உட்பட இரண்டு பக்கமும் உயிர்கள் போயின.

இந்தச் சம்பவத்தை வரலாற்றாசிரியர்கள் நாடார்களின் எழுச்சி என்ற கதையில் ஒரு அத்தியாயமாக எழுதியிருக்கிறார்கள். சரிதான். தேரை நிறுத்தக்கூடிய ஒரு பந்தலைப் போட்ட அந்தத் தைரியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு தலித்தாக நான் கேட்காமல் இருக்க முடியாது: நாங்கள் சத்திரியர், எங்களுக்கு உரிமை உண்டு என்று வாதாடியவர்கள், அந்த வீதி எல்லோருக்கும் உண்டு என்று ஏன் வாதாடவில்லை? வீதிக்குள் நுழைந்தவர் பின்னால் திரும்பிக் கதவைச் சாத்திவிட்டு வரும் பழக்கம் நம்ம ஊரில் ரொம்பக் காலமாக இருக்கிறது. நமக்குள்ளேயும், ஆமாம், நமக்குள்ளேயும்தான், பள்ளர், பறையர், அருந்ததியர் என்று பிரிந்து நிற்கும்போது அது வருகிறது. நம்ம தெருக் காளியம்மன் சப்பரம் அருந்ததியர் தெருமுனையில் திரும்பிவிடுகிற ஊர்கள் எனக்குத் தெரியும்.

1924இல் வைக்கத்தில் சண்டை நடந்ததும் கோயிலுக்குள் போவதற்காக இல்லை, கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக. ‘சாமி கும்பிடத்தானே கேட்கிறான்’ என்று நம்மவர் போராட்டத்தைச் சிறுசாக்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தேர் என்பது சாமிக்குச் செய்த வாகனம் மட்டுமில்லை. இந்தத் தெரு ஊர், அந்தத் தெரு சேரி என்று வருசா வருசம் சக்கரத்தால் கோடு கிழிக்கிற சாதனம்.

இனி அந்த யாளி நின்ற காரைக்குடிக்கே திரும்புவோம். அங்கிருந்து தேவகோட்டைப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில், ஆனித் தேரோட்டம். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என்று நான்கு நாட்டார்களுக்குத் தேர் மரியாதை. அந்த உஞ்சனைதான் 1979இல் தலித்துகள் கொல்லப்பட்ட உஞ்சனை. எங்களையும் வடம் பிடிக்க விடுங்கள் என்று தலித்துகள் கேட்டதும் 1998இல் தேர் நின்றது. பிறகு வழக்கு, உயர்நீதிமன்ற உத்தரவு, பேச்சுவார்த்தை, போலீஸ் வேன். எண்ணிப் பொறுக்கிய சில தலித்துகளைப் போலீஸ் சூழ வடத்தைத் தொடவைத்து, உத்தரவு நிறைவேறியது என்று எழுதிக்கொண்ட வருசங்களும் உண்டு. அதன் பிறகு தேர் பழுது என்றார்கள். பதினைந்து வருசத்துக்கும் மேலாக ஓடவில்லை. புதுத் தேர் செய்து, 2024 பிப்ரவரியில் வெள்ளோட்டம் விட்டு, அந்த ஜூனில்தான் பலத்த காவலோடு ஓடியது.

இதில் என் மனசில் நிற்பது ஒரே விசயம். பங்கு கொடுப்பதைவிட தேர் மழையிலும் வெயிலிலும் நிற்பது மேல் என்று ஒரு ஊர் முடிவு செய்ய முடிந்திருக்கிறது. பாரம்பரியம், நூற்றாண்டுப் பழமை, முன்னோர் கலை என்று பேசுகிறவர்கள் நம்மிடம் வரும்போது இதைச் சொல்லுங்கள். மரத்தைக் கரையான் மட்டும்தான் தின்கிறது என்று நினைக்க வேண்டாம்.

அதே 2024 ஜூனில் திருநெல்வேலி நெல்லையப்பர் தேரின் வடம் இழுக்க இழுக்க அறுந்தது. மாநிலமே அதைப் பேசியது. வடத்தின் தரம் என்ன, யார் பொறுப்பு என்று அறிக்கைகள் வந்தன. வடம் அறுந்தால் இவ்வளவு கவலை. வடத்தைத் தொடாதே என்று ஆளை அறுத்துவிட்ட காலம் முழுக்க இந்தக் கவலையில் பத்தில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் போதும்.

திருவாரூர் ஆழித்தேரையும் சொல்ல வேண்டும். பல வருசம் ஓடாமல் நின்ற அந்தத் தேரை 1970இல் ஓடவைத்தது சுயமரியாதை பேசிய திமுக ஆட்சி. திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் பிற்பாடு இப்படிப் பல தேர்களுக்கு வந்தன. இப்போது பெரிய தேர்களைப் பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. புல்டோசரின் டிரைவர் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. அதன் இரும்புக்குத் தீட்டும் இல்லை. மனுசக் கைக்குத்தான் தீட்டு.

சரி, சாமியும் வேண்டாம் தேரும் வேண்டாம், நமக்கென்று ஒரு தேர் செய்துகொள்வோம் என்றால்? சேஷசமுத்திரத்தில் செய்தார்கள். அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. தங்கள் மாரியம்மனுக்குத் தலித்துகள் தாங்களே தேர் செய்தார்கள். பொதுச்சாலையில் இழுக்கக் கூடாது என்று தகராறு. 2015 ஆகஸ்டில், சுதந்திர தினத்தையொட்டிய ராத்திரியில், பெட்ரோல் குண்டு வீசினார்கள். தேர் எரிந்தது, வீடுகளும் எரிந்தன. அந்தத் தேரின் கட்டைக்கு நூறு வயசு ஆகியிருக்கவில்லை. அதனால் அது எந்தச் சட்டத்தின்படியும் தொல்பொருள் இல்லை. நூறு வயசு ஆக விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1972ஆம் வருசத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருசத்துக்குக் குறையாத சிற்பம் தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். சிலைத் திருட்டுக்கென்று தமிழ்நாட்டில் 1983இலிருந்து தனிப் போலீஸ் பிரிவே இருக்கிறது. தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. வெண்கல நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் திரும்பி வந்தபோது நானும் செய்தியைப் படித்து மகிழ்ந்தவன்தான். மரச் சிற்பத்துக்கு அந்தக் கவனிப்புகூட இல்லை. புதுத் தேர் செய்யும்போது பழைய தேரின் பலகைகள் கோயில் கொட்டகையில் குவிந்து கிடக்கும். ஆட்டுப் புழுக்கை மேல் யாளி முகம் குப்புறக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து கடைக்கு வரும். கடையிலிருந்து பெரிய ஓட்டல் வரவேற்பறைக்கு, பணக்கார வீட்டு மாடிப்படிக்கு, அயல்நாட்டுக்குப் போகும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் மரச் சிற்பங்களுக்கென்று கூடம் உண்டு. லண்டனில் இருக்கிற பெரிய அருங்காட்சியகங்களிலும் தென்னாட்டுத் தேர்ப் பலகைகள் இருக்கின்றன.

இப்படி மாட்டி வைத்த பலகைக்குக் கீழே பொதுவாக என்ன எழுதுவார்கள்? கோயில் தேர்ப் பலகை, மரம், தென்னிந்தியா, இன்ன நூற்றாண்டு. அத்தோடு சரி. தேரிலிருந்து பிடுங்கி வெள்ளைச் சுவரில் மாட்டியதும் அது கலை ஆகிவிடுகிறது. கலை ஆனதும் தெரு மறைகிறது, வடம் மறைகிறது, என் பாட்டையாவின் மண் கூடை மறைகிறது. ஓடாத தேரின் சிற்பத்தைப் பார்க்க யாருக்கும் தடையில்லை. இன்றைக்கு நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு நானும் போய் மூக்குக்கு முன்னால் நின்று பார்க்கலாம். இதை முன்னேற்றம் என்கிறார்கள். எனக்குச் சந்தோசப்படத் தெரியவில்லை. அம்மாச்சி உயிரோடு இருந்து கூட்டிக்கொண்டு போயிருந்தால், ‘இதானா அது’ என்று கேட்டிருப்பாள். எது என்று எந்தச் சீட்டும் அவளுக்குச் சொல்லியிருக்காது.

தோழர்களில் ஒரு சாரார் கேட்பது எனக்குக் கேட்கிறது. “எதுக்குய்யா நமக்கு இந்த வடம்? அம்பேத்கர் விட்டுட்டு வான்னாரு, நீ திரும்பப் போய் இழுக்கணும்ங்கிற.” நியாயமான கேள்வி. இதற்கு அம்பேத்கரிடமே பதில் இருக்கிறது. 1930 மார்ச்சில் நாசிக் காளாராம் கோயில் சத்தியாகிரகம் தொடங்கியது. ஏப்ரலில் ராமநவமித் தேர் வந்தது. இரண்டு தரப்பு ஆட்களும் சேர்ந்து இழுப்பது என்று சமரசம் ஏற்பட்டது. நம்மவர்கள் கை வைப்பதற்குள் சாதி இந்துக்கள் தேரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். விரட்டிப் போனவர்கள் மேல் கல்மழை. அம்பேத்கருக்கும் அடி. ஐந்து வருசம் கழித்து, 1935இல் இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்ற அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்புக்குப் பின்னால் அந்த ஓடிய தேர் இருக்கிறது. வடத்தைக் கேட்டுப் பார்த்தவர்தான் வடத்தை விட்டார். கேட்காமலே விட்டுவிடுவது ஊர்க்காரனுக்கு வசதி. அவனும் அதைத்தானே சொல்கிறான், ‘உங்க சாமி உங்க தெருவுல, எங்க சாமி எங்க தெருவுல’ என்று. பெரியார் வழியில் வந்த நண்பர்கள் சிற்பத்தைக் கொளுத்து என்கிறார்கள். கொளுத்திவிட்டால் சாட்சியும் போய்விடும். நான் சாட்சியை விடமாட்டேன்.

எனக்குச் சாமி கும்பிடுகிற பழக்கம் இல்லை. வடத்தைப் பிடித்தால் புண்ணியம் என்ற நம்பிக்கையும் இல்லை. நான் கேட்பது இது. பழைய தேரைப் பிரிக்கும்போது அறநிலையத்துறை பொம்மைகளை எண்ணி, போட்டோ எடுத்து, பதிவேட்டில் ஏற்றட்டும். அதே பதிவேட்டில் அந்தத் தேர் எந்தத் தெருக்களில் ஓடியது, எந்த முனையில் திரும்பியது, வடம் யார் பிடித்தார்கள், யாரைப் பிடிக்கவிடவில்லை, மண் கொட்டியது யார், முட்டுக்கட்டை போட்டது யார் என்பதும் ஏற வேண்டும். அருங்காட்சியகச் சீட்டில் நூற்றாண்டு எழுத இடமிருந்தால் இதற்கும் ஒரு வரி இடம் உண்டு. புதுத் தேருக்கு அரசுப் பணம் ஒதுக்குகிற உத்தரவிலேயே சேரித் தெருவையும் தேரோடும் பாதையில் சேர்க்க வேண்டும். பாதை குறுகல் என்று சொன்னால் பாதையை அகலமாக்கட்டும். சட்டம் இல்லாமல் இல்லை. சமய ஊர்வலத்தில் பங்கெடுப்பதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பது 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவிலேயே குற்றம். 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலும் அது வந்துவிட்டது. கேஸ் போடத்தான் ஆள் வேண்டும்.

இது ஆபீசில் உட்கார்ந்து யாரும் செய்துதரப் போவதில்லை. மாணவத் தோழர்கள் செய்யலாம். பங்குனிக்கும் ஆனிக்கும் லீவு கிடைக்கும். ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்த் தேர் ஓடுகிற பாதையை நடந்து பாருங்கள். முனையில் நின்று, திரும்புகிற இடத்தைக் குறியுங்கள். அந்த முனைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிழவன் கிழவிகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். சீக்கிரம் போங்கள், என் அம்மாச்சியிடம் நான் பாதிதான் கேட்டேன்.

போன பங்குனிக்கு நான் கழுகுமலைக்குப் போய்த் தேர் வீதியைச் சுற்றி நடந்தேன். தேர் நிலையில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் போய் யாளியைத் தேடினேன். முட்டுக்கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒருவர், “என்னத்தம்பி தேடுற?” என்றார். முளை எப்படிச் சொருகியிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன் என்றேன். கட்டையைக் கீழே போட்டுவிட்டு, எனக்காகக் குனிந்து, எண்ணெய் படிந்த பலகையைக் கையால் துடைத்துக் காட்டினார். நோட்டை எடுத்து, அவர் பேரையும் அவர் எந்தத் தெரு என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.